அமரர் தில்லைநாதன் நினைவுக் கோப்பை

12 ஜூன் 2025, வியாழன்

காலையில் பல் டாக்டர். கடவாய்ப் பல்லைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்தேன். வரும் வழியில் மஞ்சக்குப்பம் மைதானத்தோரம் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரைக்காரர்கள் கையை வீசி வீசி நடக்கிறார்கள். அந்தப் பக்கம் கிரிக்கெட். கால்பந்து மருந்துக்கும் இல்லை.

போன வாரம் மருமகன் வீட்டில் டி.வி.யில் ஏதோ வெளிநாட்டு மேட்ச். ஒரே கோலைப் பல கோணத்தில் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். ஒன்றும் மனசில் ஏறவில்லை. எங்கள் காலத்தில் கோணம் ஒன்றுதான்: முன்னால் நிற்கிறவனின் தோளுக்கும் காதுக்கும் நடுவே கிடைக்கிற சந்து. அதில் பார்த்தது இன்னும் அழியவில்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் உட்கார்ந்து, எங்கள் கால்பந்து வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு நீண்ட பதிவு எழுதினேன். டோர்னமெண்ட் வந்தால் மைதானத்தைச் சுற்றிக் கீற்றுத் தட்டி கட்டுவது, சவுக்குக் கட்டையில் கேலரி போடுவது, நாலு பேர் சேர்ந்து குதித்தால் அது ஆடுவது, மைக்காரர் பிளேயர்களுக்குப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது எல்லாம். கேலரிக்குக் காசு ஜாஸ்தி. நானும் பழனிவேலும் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் கயிற்றை ஒட்டித் தரையில்தான் உட்காருவோம். எழுந்தால் பின்பக்கமெல்லாம் சுண்ணாம்பு. மழை பெய்தால் தோல் பந்து தண்ணீர் குடித்துக் கல்லு மாதிரி ஆகிவிடும். அதைத் தலையால் முட்டுகிறவனைப் பார்த்தால் நமக்கு மண்டை வலிக்கும்.

கடைசியில் சிதம்பரம் டீமின் கோல்கீப்பரைப் பற்றி எழுதினேன். ‘அமரர் தில்லைநாதன் கோலில் நின்றால், பின்னால் உட்கார்ந்திருக்கும் நாங்கள் பயமில்லாமல் கடலை உரிப்போம்.’ நெய்வேலி டீமுக்கு எதிராகக் கடைசி நிமிஷத்தில் இடது கையால் அவர் பிடித்த பெனால்டி. எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது.

அமராவதியிடம் படித்துக் காட்டினேன். நல்லாத்தான் இருக்கு என்றாள் என் வீட்டுக்காரி. பிறகு, “அவரு எப்ப செத்தாரு?” என்று கேட்டாள்.

அதெல்லாம் ஆகியிருக்கும் என்றேன். நாற்பது வருஷம் ஆகிறது நான் அவரைப் பார்த்து. என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர். யாரோ சொன்ன மாதிரியும் ஞாபகம். தவிர, ‘அமரர்’ என்று போட்ட பிறகுதான் அந்த வாக்கியத்துக்கே ஒரு கனம் வந்தது.

13 ஜூன்

குழுவில் கை கூப்பிய பொம்மைகளாகக் கொட்டுகிறது. துபாயிலிருந்து ஒருவர் அழுதேன் என்கிறார். பழனிவேல் மட்டும் ஒன்றும் போடவில்லை. அவன் எப்போதும் படித்துவிட்டுச் சும்மா இருக்கிற ஜாதி.

17 ஜூன், செவ்வாய்

அருண்குமார் வீட்டுக்கே வந்தான். விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிற பையன், குழுவில் துடியானவன். என் பதிவைப் படித்து மூன்று நாளாகத் தூக்கமில்லையாம். ஆகஸ்டில் ஒரு டோர்னமெண்ட் நடத்தலாம், தில்லைநாதன் பெயரில் நினைவுக் கோப்பை, நீங்கதான் மாமா சிறப்புரை என்றான். அமராவதி காபி கொண்டுவந்தாள். நான் அடக்கமாக இருப்பதுபோல் இருந்தேன்.

என்னிடமிருந்த பழைய குரூப் போட்டோவில் தில்லைநாதனை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டான். மறைவு தேதி கேட்டான். தேதியெல்லாம் வேண்டாம், நினைவுக் கோப்பை என்றாலே போதும் என்று சொல்லிவிட்டேன். சாமர்த்தியமாகச் சமாளித்ததாக நினைப்பு.

20 ஜூன்

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபிளெக்ஸ் கட்டியாகிவிட்டது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் தில்லைநாதன், மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே சின்னதாகச் ‘சிறப்புரை: சுப்புராயன், தொலைபேசித் துறை (ஓய்வு)’. அருண்குமார் அதைப் படமெடுத்து எல்லாக் குழுவிலும் போட்டிருக்கிறான். இரண்டு தடவை அந்த வழியாகப் போய் வந்தேன். மூன்றாவது தடவை போக வெட்கமாக இருந்தது.

22 ஜூன், ஞாயிறு

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

பதினோரு மணிக்கு ஒரு போன். பெண் குரல், டீச்சர் மாதிரி நிதானம். பெயர் கயல்விழி, சிதம்பரத்திலிருந்து பேசுகிறேன் என்றாள். நீங்கள் எழுதியது ரொம்ப நன்றாக இருந்தது சார், எங்கள் அப்பா அழுதுவிட்டார் என்றாள். நன்றி சொல்லிவிட்டு, அப்பா யாரம்மா, அந்தக் காலத்து ரசிகரா என்று கேட்டேன்.

“தில்லைநாதன்தான் சார். பக்கத்துலதான் ஒக்காந்திருக்காரு.”

போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரைப் பார்த்தேன்.

அவள்தான் பேசினாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நடந்ததை வரிசையாகச் சொன்னாள். காடாம்புலியூரில் இருக்கிற அவள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, நேற்று அந்த ஃபிளெக்ஸ் படத்தை யாருடைய போனிலோ பார்த்திருக்கிறார். தேதி இல்லை. முந்தின ராத்திரிதான் நடந்தது என்று நினைத்துக்கொண்டார். அக்காவுக்குப் போன் போட்டு உண்மையா என்று கேட்கவா முடியும்? குடும்பத்தோடு தலைமுழுகிவிட்டு, வேன் பிடித்து, மாலையோடு வந்து இறங்கிவிட்டார்கள். பெண்கள் தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள். தில்லைநாதன் உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

அதோடு போகவில்லை. புருஷன் போய்விட்டால் பொண்டாட்டிக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். தம்பி அதையும் மறக்கவில்லை. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த அக்கா தங்கம்மாள் கையில், என்ன ஏது என்று அவர் வாய் திறப்பதற்குள், கோடிச் சேலையை வைத்துவிட்டார்.

“அப்பா சிரிச்சுட்டாரு சார். இப்படி வதந்தி வந்தா ஆயுசு கூடும்னு சொல்றாரு. அம்மாதான் நேத்துலருந்து யார்கிட்டயும் பேசல.”

மன்னித்துவிடுங்கள் என்று நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். சரிங்க சார் என்று வைத்துவிட்டாள்.

அட முண்டமே, ஒரு போன். சிதம்பரம் ரூட்டில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்த பழனிவேல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறான். அவனைக் கேட்டிருந்தால் வீட்டு நம்பரோடு சொல்லியிருப்பான். கேட்டியா? கேட்டா அமரர் போயிடுமே. அந்த வாக்கியம் போயிடுமே.

23 ஜூன்

பதிவை அழித்துவிட்டேன். ஏற்கெனவே ஊரெல்லாம் போனது போனதுதான்.

24 ஜூன், செவ்வாய்

இன்று செய்ததை எழுதத் தயங்கிக்கொண்டே மாலை ஆகிவிட்டது.

விஷயம் குழுவுக்குத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து ஒவ்வொருவனும் ஒரு கேள்வி. உயிரோடு இருப்பவருக்கா கண்ணீர் அஞ்சலி? யார் சொன்ன தகவல்? விசாரிக்காமலா எழுதுவது? துபாய்க்காரர் அழுததைத் திருப்பிக் கேட்காத குறை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. கட்டைவிரல் தானாக அடித்தது: ‘சிதம்பரம் ரூட்டில் இருந்த நண்பர் பழனிவேல் சொன்ன தகவலை நம்பி எழுதினேன். வருந்துகிறேன்.’

எல்லோரும் உடனே நம்பினார்கள். நம்பும்படித்தான் இருந்தது. ஒரு நிமிஷம் மூச்சு வந்தது.

பழனிவேல் படித்துவிட்டான் என்று காட்டியது. மறுப்பு ஒன்றும் போடவில்லை. கொஞ்ச நேரத்தில், ‘பழனிவேல் வெளியேறினார்.’

தூ.

27 ஜூன், வெள்ளி

பழனிவேல் போனை எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை.

இன்று தேவனாம்பட்டினத்தில் அவன் வீட்டுக்கே போனேன். அவன் மருமகள் ஜான்சி, மாமா குளிக்கிறாங்க, ஒக்காருங்க என்று நாற்காலி போட்டாள். உள்ளே அவன் இருமுகிற சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. அரை மணி உட்கார்ந்திருந்தேன். ஜான்சி இரண்டாவது தடவை டீ வேணுமா என்று கேட்டபோது அவளுக்கே என் நிலைமை புரிந்துவிட்டது தெரிந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு செமி ஃபைனலில் பந்து நேராக என் முகத்துக்கு வந்தது. கயிற்றுக்குப் பின்னால் ஓட இடமில்லை, அவ்வளவு கூட்டம். பழனிவேல் குறுக்கே கையை நீட்டினான். மணிக்கட்டு வீங்கிப்போனது. வீட்டில் கேட்டதற்குச் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றானாம், மேட்சுக்குப் போனது தெரிந்தால் என் அப்பா என் தோலை உரித்துவிடுவார் என்பதற்காக. இதையெல்லாம் என் பதிவில் எழுதினேனா? இல்லை. கீற்றுத் தட்டியை எழுதினேன், கடலையை எழுதினேன், மழையை எழுதினேன். அவன் பெயர் ஒரே ஒரு இடத்தில் ‘நானும் பழனிவேலும்’ என்று வருகிறது. அதோடு, பழி போட வசதியாக, இரண்டாவது பதிவில் வருகிறது.

3 ஜூலை, வியாழன்

சிதம்பரம் போய் வந்தேன்.

அமராவதி பழம் வாங்கிக் கொடுத்தாள். கூட வரட்டுமா என்றாள், வேண்டாம் என்றேன். பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது, இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்க வேண்டாம்.

தெற்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் வீடு. கதவைத் திறந்தவர் தில்லைநாதன்தான். அந்த நெட்டை ஆள் கொஞ்சம் கூனியிருக்கிறார், கை மட்டும் அதே முறம். நான் பெயர் சொன்னதும் அந்தக் கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். வாங்க தம்பி, என்னைக் கொன்ன தம்பி வாங்க என்று சிரித்தார். காலில் விழப்போனேன். விடவில்லை.

மனுஷனுக்கு என்மேல் துளிக் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. என் பதிவைப் பேத்தி பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறாள், அதை மடியில் வைத்துக்கொண்டே பேசினார். பெனால்டியைப் பற்றிக் கேட்டேன். “நான் எங்க தம்பி அதைப் பிடிச்சேன்? போஸ்ட்டுல பட்டுத் திரும்பி வந்துச்சு. நான் தப்பான பக்கம் விழுந்து கெடந்தேன்” என்றார். ஆனால் நீங்கள் எழுதியதுதான் நன்றாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றார். நான் குனிந்துகொண்டேன்.

பிறகு சொன்னார்: “எம் பொண்ணுக்கே நான் ஆடுனது தெரியாது தம்பி. நாற்பது வருஷமா ஒருத்தன் கேக்கல. செத்தாத்தான் எழுதுவாங்க போல.”

தங்கம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். உட்காரவில்லை, உள்ளே போகவும் இல்லை, தூணோரம் நின்றார். நான் கைகூப்பி, அம்மா, தெரியாமல் நடந்துவிட்டது என்று ஆரம்பித்தேன்.

“யாரோ சொன்னாங்கன்னு போட்டிருக்கீங்களாமே. அவரு வரலியா?”

அவர் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. யாரும் சொல்லவில்லை அம்மா, நானாகத்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் அதைச் சொன்னதற்கே எனக்கு வேர்த்துவிட்டது.

டோர்னமெண்டை நிறுத்தச் சொல்லவா என்று கேட்டேன். தில்லைநாதன் பதறிவிட்டார். நடக்கட்டும் தம்பி, நானே வந்து பார்க்கிறேன் என்றார். சின்னப் பிள்ளை மாதிரி பொண்டாட்டியைப் பார்த்தார்.

தங்கம்மாள் என்னிடம்தான் சொன்னார். “எந் தம்பி கோடி குடுத்த கை இது. இன்னும் சோத்துல வைக்கக் கூசுது. நீங்க இப்ப இங்க சொன்னத, அத்தினி பேரு முன்னாடி வாயால சொல்லுங்க. அப்ப இவரை அழைச்சிக்கிட்டு வர்றேன்.”

சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. நாலு சுவருக்குள் சொல்வது வேறு.

9 ஜூலை

அருண்குமாரிடம் விவரம் சொன்னேன். உண்மையை முழுசாகச் சொல்லவில்லை, அவர் வருகிறார் என்பதை மட்டும். சந்தோஷத்தில் குதித்தான். ஃபிளெக்ஸில் ‘அமரர்’, ‘நினைவு’, ‘கண்ணீர் அஞ்சலி’ மூன்றின் மேலும் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், கோப்பை மட்டும் வேறு செய்ய வேண்டும் என்றான். சிறப்புரை அப்படியே இருக்கட்டும் மாமா என்றான்.

20 ஜூலை, ஞாயிறு

மன்னிப்பு உரை எழுதி அமராவதியிடம் படித்துக் காட்டினேன். கீற்றுத் தட்டியில் ஆரம்பித்து, காலம் செய்யும் மாயம் என்று போய், ஞாபகத்தின் பிழை என்று முடித்திருந்தேன்.

“இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்றாள். எழுந்து போய்விட்டாள்.

கிழித்துப்போட்டேன்.

2 ஆகஸ்ட்

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. வாய் வீங்கியிருக்கிறது. ஃபைனல் நடக்கிற பதினேழாம் தேதியும் இப்படியே இருந்தால் பேச முடியாது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. எனக்கு இப்படித்தான் எண்ணம் வரும் என்பதை இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு. ஃபைனல்

வாய் வீக்கம் வடிந்துவிட்டது.

பிளாஸ்டிக் நாற்காலி, பந்தல், காதைக் கிழிக்கிற ஸ்பீக்கர். கீற்றுத் தட்டியும் கேலரியும் இல்லை என்று குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் கூட்டம் நன்றாகவே வந்திருந்தது. நாற்காலி போதாமல் கோலுக்குப் பின்னால் கயிற்றோரம் நின்றார்கள். அங்கே ஒரு வெள்ளைச் சட்டை. முதுகைப் பார்த்தாலே தெரியும், பழனிவேல். எல்லாப் பதிவையும் சும்மா படிக்கிறவன், குழுவில் இல்லாவிட்டாலும் மேட்சுக்கு வராமல் இருப்பானா?

தில்லைநாதன் வந்து இறங்கியதும் விசில். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். தங்கம்மாள் மகளோடு முதல் வரிசையில்.

என்னைக் கூப்பிட்டார்கள். மைக் கையில் வழுக்கியது. எழுதிக்கொண்டு போகவில்லை.

“தில்லைநாதன் அண்ணன் எறந்துட்டாருன்னு எழுதினது நான்தான். யாரும் எனக்கு அப்படிச் சொல்லல, நான் யாரையும் கேக்கவும் இல்ல. பழனிவேல் சொன்னான்னு போட்டது பொய்.”

முதல் வரிக்கே சிரித்துவிட்டார்கள். தமாஷாகப் பேசுகிறேன் என்று நினைப்பு. யாரோ ஆயுசு நூறு என்று கத்தினார்கள். பழனிவேல் பெயரைச் சொன்னபோது டீம்கள் உள்ளே ஓடி வந்துவிட்டன, எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். கை தட்டினார்கள். எனக்கா, டீமுக்கா, தெரியாது. இத்தனை நாள் பயந்த அவமானம் எனக்கு நடக்கவே இல்லை. காரித் துப்பியிருந்தால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பேன். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வெள்ளைச் சட்டை திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பீக்கர் அவன் தலைக்கு மேல்தான் கட்டியிருந்தது.

தில்லைநாதன் பந்தை உதைத்துத் தொடங்கிவைத்தார். மேட்ச் முழுக்க என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், கோல்கீப்பர்களைத் திட்டித் தீர்த்தார். முன்னால வாடா, முன்னால வா என்று கத்தும்போது கை தானாக விரிகிறது. இடைவேளையில் சின்னப் பையன்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

முடிந்து கிளம்பும்போது தங்கம்மாள் என் பக்கத்தில் வந்தார். மற்றவர்கள் கார் அருகே இருந்தார்கள்.

“சொன்னீங்க. கேட்டுச்சு” என்றார். ரெண்டு எட்டு போய்த் திரும்பினார். “இதையும் அழகா எழுதிப்புடாதீங்க.”

18 ஆகஸ்ட், திங்கள்

காலையிலிருந்து குழுவில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஃபைனலைப் பற்றி எப்போது எழுதுவீர்கள்? துபாய்க்காரர் காத்திருக்கிறாராம்.

டீம் பெயர், ஸ்கோர், கோல் அடித்தவர்கள் பெயர். இவ்வளவுதான் போடுவது என்று முடிவு செய்தேன். இரண்டாவது கோல் அடித்தவன் யாரென்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் நான் மேட்ச் பார்க்கவில்லை, வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் சிலம்பரசன் என்று சொன்னதாக நினைவு. எழுதியும்விட்டேன். அனுப்பப் போகிற நேரத்தில் விரலை எடுத்தேன்.

பழனிவேலுக்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டான் என்று தெரிந்துதான் போட்டேன். எடுத்துவிட்டான். ஹலோ சொல்லவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

ரெண்டாவது கோல் யாருடா அடிச்சது என்று கேட்டேன். வேறு எதுவும் எனக்கு வாயில் வரவில்லை.

“இதுக்குத்தான் போன் பண்ணியா?”

“ஆமா.”

பின்னால் ஜான்சி யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம்.

“செம்பியன். சிலம்பரசன் இல்ல” என்று சொல்லி வைத்துவிட்டான். நான் சிலம்பரசன் என்று அவனிடம் சொல்லவே இல்லை. தப்பாகத்தான் எழுதியிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

அழித்துவிட்டு, செம்பியன் என்று அடித்தேன். அனுப்புவதற்குள் போன் மறுபடி அடித்தது. அவன்தான்.

“பாஸ் குடுத்த பையன் பேரையும் போடு. அவன் ஓடுனதுலதான் கோல். பேரு தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“கேட்டுச் சொல்றேன், இரு” என்றான்.

இருக்கிறேன்.